வில்ஹெல்ம் மேபாக்

வில்ஹெல்ம் மேபாக் (பிப்ரவரி 9, 1846 – டிசம்பர் 29, 1929) ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த பொறியாளரும் இயந்திர வடிவமைப்பாளரும் ஆவார். பெட்ரோலில் இயங்கும் விரைவுப் பொறி, தெளிப்புக் குழல் கார்புரேட்டர், தேன்கூட்டு ரேடியேட்டர் முதலியவை இவர் கைவண்ணத்தில் உருவானவை. 1900 ஆம் ஆண்டின் இறுதியில் இவர் வடிவமைத்து முடித்த மெர்சிடிஸ் தானுந்து, குதிரை வண்டியின் சாயலிலிருந்து முழுமையாக விலகிய முதல் தானுந்து என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பிரான்சு நாட்டில் இவரை வடிவமைப்பாளர்களின் அரசர் என்னும் பட்டப்பெயரால் அழைத்தனர். எனினும் இவர் உருவாக்கிய பொறிகளும் வண்டிகளும் நெடுங்காலம் டைம்லர் என்னும் பெயரிலும், பின்னர் ஒரு வணிகருடைய மகளின் பெயரிலுமே உலகெங்கும் அறியப்பட்டன.

இளமைக்காலம்

மேபாக் தெற்கு ஜெர்மனியில், அன்றைய வுர்ட்டம்பெர்க் அரசின் ஹைல்பிரான் நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். இவருக்கு உடன்பிறந்த சகோதரர்கள் இருந்தனர். இவருக்கு எட்டு வயதானபோது குடும்பம் ஸ்டுட்கார்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. பத்து வயதில் தாய், தந்தை இருவரையும் இழந்தவராக நின்றார். ஆதரவற்ற சிறுவர்களுக்கு உதவி வேண்டி உள்ளூர்ச் செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு வெளியானது. அதன் பயனாக, ராய்ட்லிங்கன் ஊரில் குஸ்டாவ் வெர்னர் என்னும் சமயப் போதகர் நடத்திவந்த சகோதரர் இல்லம் மேபாக்கை ஏற்றுக்கொண்டது.

அந்த இல்லம் வெறும் அநாதை விடுதியாக இருக்கவில்லை. அதனுடன் இயந்திரப் பட்டறையும் இணைந்திருந்தது. சிறுவனுக்கு வரைபடக் கலையில் இருந்த ஈடுபாட்டை வெர்னர் கண்டறிந்து, அவரை இயந்திர வரைவுப் பயிற்சியில் சேர்த்தார். மேபாக் பட்டறை வேலையுடன் நகரப் பள்ளியில் இயற்பியலும் கணிதமும் கற்றார். பல்கலைக்கழகக் கல்வி பெறாத மேபாக்கின் பொறியியல் அறிவு முழுவதும் இவ்வாறு பட்டறையிலும் மாலை வகுப்புகளிலும் பெறப்பட்டதாகும். 19 வயதிற்குள் தேர்ந்த வடிவமைப்பாளராகிவிட்டார்.

டைம்லருடன் இணைவு

1863 இல் இப்பட்டறையின் பொறுப்பாளராக காட்லீப் டைம்லர் வந்து சேர்ந்தார். டைம்லர் மேபாக்கைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் திட்டமிடுவதிலும் தொழிலை நடத்துவதிலும் வல்லவர். மேபாக்கோ எண்ணத்தை வரைபடமாகவும் வரைபடத்தை இயந்திரமாகவும் மாற்றுவதில் வல்லவர். இங்குத் தொடங்கிய கூட்டு டைம்லரின் மறைவு வரை நீடித்தது. 1869 இல் டைம்லர் கார்ல்ஸ்ரூ நகர இயந்திரத் தொழிற்சாலைக்குச் சென்றபோது மேபாக்கும் உடன் சென்றார். 1872 இல் நிக்கோலாஸ் ஒட்டோவின் டாய்ட்ஸ் வளிமப் பொறித் தொழிற்சாலையில் டைம்லர் பொறுப்பேற்க, மேபாக் விரைவில் அங்குத் தலைமை வடிவமைப்பாளரானார். 1876 இல் உருவான ஒட்டோவின் நான்கு வீச்சுப் பொறியை விற்பனைக்குரிய இயந்திரமாக ஆக்கியதில் மேபாக்கின் பங்கு பெரிது. 1878 இல் பெர்த்தா ஹாபர்மாஸ் என்பவரை மணந்தார். மறு ஆண்டு மகன் கார்ல் பிறந்தார்.

ஒட்டோவுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் டைம்லர் 1882 இல் டாய்ட்ஸை விட்டு விலகி, ஸ்டுட்கார்ட்டை அடுத்த கான்ஸ்டாட்டில் குடியேறினார். மேபாக்கும் பின்தொடர்ந்தார். டைம்லர் வீட்டுத் தோட்டத்தின் கண்ணாடிக் குடிலே இவர்களின் ஆய்வுக்கூடமாயிற்று. இரவும் பகலும் கதவடைத்து வேலை நடந்ததால், கள்ள நாணயம் அடிக்கிறார்களோ என்று தோட்டக்காரர் ஐயுற்றுக் காவல்துறையினரை அழைத்தார் என்றொரு செய்தியும் வழங்குகிறது.

அக்காலத்துப் பொறிகள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றுகளே சுழன்றன. அவை தொழிற்கூடத் தரையில் நிலையாகப் பொருத்தப்பட்ட பெரும் எடையுள்ள இயந்திரங்கள். 1883 இல் காப்புரிமை பெற்ற சூடான குழாய்த் தீமூட்டல் முறையால் இவ்வேகத்தைப் பல மடங்கு உயர்த்த முடிந்தது. வேகம் கூடியதால், அதே திறனை மிகச் சிறிய பொறியிலிருந்தே பெற இயன்றது. 1885 இல் இத்தகைய சிறிய பொறி ஒன்று மரச்சட்டமுள்ள இருசக்கர வண்டியில் பொருத்தப்பட்டது. அதனை உலகின் முதல் மோட்டார் சைக்கிள் என்பர். 1886 இல் ஒரு குதிரை வண்டியிலும் பொறி பொருத்தப்பட்டது.

வெப்பம் என்னும் தடை

மேபாக்கின் அடுத்த பதினைந்து ஆண்டு உழைப்பைப் புரிந்துகொள்ள, அன்றைய தானுந்துகளின் முதன்மைச் சிக்கலை அறிதல் வேண்டும். பொறியின் உருளைக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 பாகை செல்சியசையும் கடக்கும். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஒரு பகுதியே வேலையாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையுடன் வெளியேற, மற்றொரு பெரும்பகுதி உருளையின் சுவரில் இறங்குகிறது. அதை உடனுக்குடன் அகற்றாவிடில் மசகெண்ணெய் தீய்ந்து, பிஸ்டன் உருளைக்குள் இறுகி நின்றுவிடும். ஆகவே, பொறியின் திறனைக் கூட்டும்போதெல்லாம் அகற்ற வேண்டிய வெப்பமும் கூடியது.

தொடக்க கால முறை எளிமையானது. உருளையைச் சுற்றி நீரை நிரப்பிக் கொதிக்கவிடுவர். நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். கார்ல் பென்ஸ் 1886 இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டி இம்முறையிலேயே இயங்கியது. ஒரு குதிரைத் திறனுக்கும் குறைவான பொறிக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் நீர் தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தது. 1888 இல் பெர்த்தா பென்ஸ் தம் மகன்களுடன் மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றபோது, வழியெங்கும் நிறுத்தி நீர் ஊற்றியே செல்ல நேர்ந்தது. 20, 30 குதிரைத் திறனுள்ள பொறிக்கு இம்முறையைக் கையாண்டால், பயணிகளைவிட நீரையே அதிகம் சுமக்க வேண்டியிருக்கும்.

இதற்கு மேபாக் கண்ட முதல் விடைகளுள் ஒன்று 1889 இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட எஃகுச் சக்கர வண்டியில் காணப்படுகிறது. அதன் சட்டம் உள்ளீடற்ற எஃகுக் குழாய்களால் ஆனது. பொறியில் சூடான நீரை அச்சட்டக் குழாய்களின் வழியே மேபாக் சுற்றவிட்டார். வண்டியைத் தாங்கும் எலும்புக்கூடே நீரைக் குளிர்விக்கும் கருவியாகவும் அமைந்தது. அழகிய தீர்வுதான், எனினும் ஒரு சட்டத்தில் அமையக்கூடிய குழாயின் பரப்பிற்கு எல்லை உண்டு. பொறி பெரிதானால் இவ்வழி உதவாது.

விலகலும் திரும்புதலும்

1890 நவம்பரில் டைம்லர் மோட்டார் நிறுவனம் முதலீட்டாளர்களின் துணையோடு தொடங்கப்பட்டது. மேபாக்கிற்கு அங்கு வழங்க முன்வந்த நிபந்தனைகள் ஏற்கத்தக்கனவாக இல்லை. 1891 தொடக்கத்திலேயே வெளியேறினார். டைம்லர் நிறுவனத்திற்குள் இருந்துகொண்டே மேபாக்கின் ஆய்வுகளுக்குப் பணம் அளித்து வந்தார். கான்ஸ்டாட்டில் மூடப்பட்டுக் கிடந்த ஹெர்மன் விடுதியின் தோட்ட மண்டபம் 1892 முதல் பட்டறையாகப் பயன்பட்டது. இங்குதான் பெனிக்ஸ் பொறியும் 1893 இல் தெளிப்புக் குழல் கார்புரேட்டரும் உருவாயின. எரிபொருளை நுண்துளை வழியே காற்றோட்டத்தில் தூவும் இக்கருவியின் அடிப்படை, பிற்காலக் கார்புரேட்டர்கள் அனைத்திலும் தொடர்ந்தது. ஏறத்தாழ இதே காலத்தில் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா ஆகிய இருவரும் இத்தகைய கருவியைத் தனியே உருவாக்கினர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

பின்னர் டைம்லரும் தம் பெயரைத் தாங்கிய நிறுவனத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். பிரித்தானிய வணிகர் பிரெடெரிக் சிம்ஸ் பெனிக்ஸ் பொறியின் உரிமத்திற்கு 350,000 மார்க் தர முன்வந்து, டைம்லர் மீண்டும் சேர்க்கப்பட வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். இதனால் 1895 நவம்பரில் டைம்லரும் மேபாக்கும் திரும்பினர். மேபாக் தொழில்நுட்ப இயக்குநரானார். 1897 இல் பல சிறு குழாய்களால் ஆன ரேடியேட்டரை அறிமுகப்படுத்தினார். வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்க வேண்டுமாயின் நீரைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, காற்றைத் தொடும் பரப்பைப் பெருக்க வேண்டும் என்னும் கருத்து அதில் முதன்முறையாக முழு உருப்பெற்றது.

மெர்சிடிஸும் தேன்கூட்டு ரேடியேட்டரும்

1900 மார்ச் 6 ஆம் நாள் டைம்லர் காலமானார். அதே மாத இறுதியில் பிரான்சின் நீஸ் நகருக்கு அருகில் லா டுர்பி மலையேற்றப் பந்தயத்தில் டைம்லர் பெனிக்ஸ் வண்டி விபத்துக்குள்ளானதில், அதை ஓட்டிய வில்ஹெல்ம் பவர் உயிரிழந்தார். அவ்வண்டி உயரமானது, நீளம் குறைந்தது, முன்புறம் எடை மிகுந்தது. நிறுவனம் பந்தயங்களைக் கைவிட எண்ணியது. நீஸில் டைம்லர் வண்டிகளை விற்றுவந்த எமில் யெல்லினெக் அதனை ஏற்கவில்லை. தாழ்வான, அகன்ற, எடை குறைந்த, ஆற்றல் மிகுந்த புதிய வண்டி வேண்டும் என்று வற்புறுத்தினார். 1900 ஏப்ரலில் 550,000 மார்க் மதிப்பில் 36 வண்டிகளைக் கேட்டார். அவற்றின் பொறிக்குத் தம் பத்து வயது மகள் மெர்சிடிஸின் பெயரைச் சூட்ட வேண்டும் என்பதும் அவர் விதித்த நிபந்தனையாகும்.

மேபாக் ஓராண்டிற்குள் வண்டியை வடிவமைத்து முடித்தார். அழுத்தி வார்ப்பிக்கப்பட்ட எஃகுச் சட்டம், இயந்திர இயக்கமுள்ள உள்ளிழு வால்வுகள், ஏறத்தாழ 5.9 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு உருளைப் பொறி, 35 குதிரைத் திறன் ஆகியவை அதன் சிறப்புகள். இத்தனை ஆற்றலைத் தாழ்ந்த, எடை குறைந்த வண்டியில் வைப்பதற்கு வழிசெய்தது அதன் முகப்பில் நின்ற தேன்கூட்டு ரேடியேட்டர் ஆகும்.

அதன் அமைப்பு வருமாறு: 6 மில்லிமீட்டர் பக்கமுள்ள 8,070 சிறு சதுரக் குழாய்கள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டு, ஈயப் பற்றால் இணைக்கப்பட்டன. முன்னிருந்து பார்ப்பவருக்குத் தேனடை போலத் தோன்றும். குழாய்களுக்குள் ஓடுவது நீரென்று பலர் எண்ணுவர். உண்மையில் குழாய்களின் வழியே காற்று செல்கிறது. குழாய்களுக்கு இடையிலுள்ள மெல்லிய இடுக்குகளில் நீர் மேலிருந்து கீழாக இறங்குகிறது. வட்டக் குழாய்களை அடுக்கினால் அவற்றிடையே சீரற்ற இடைவெளிகள் விழும். அங்கு நீர் தேங்கும். சதுரக் குழாய்கள் எங்கும் ஒரே அளவான ஒடுங்கிய இடுக்கைத் தருகின்றன. நீர் மென்படலமாக ஓடுவதால் அதன் ஒவ்வொரு துளியும் குளிர்ந்த உலோகத்தைத் தொடுகிறது. வண்டி மெதுவாகச் செல்கையிலும் காற்றை இழுக்க ரேடியேட்டரின் பின்னே ஒரு சிறு விசிறி அமைக்கப்பட்டது. இதனால் தேவைப்பட்ட நீரின் அளவு பாதியாகக் குறைந்தது. 35 குதிரைத் திறனுக்கு 9 லிட்டர் நீரே போதுமானதாயிற்று. இவ்வமைப்பிற்கு 1900 இல் காப்புரிமை கோரப்பட்டது.

முதல் வண்டி 1900 டிசம்பர் 22 அன்று யெல்லினெக்கிற்கு அனுப்பப்பட்டது. 1901 மார்ச்சில் நடந்த நீஸ் பந்தய வாரத்தில் மெர்சிடிஸ் வண்டிகள் பிறவற்றை எளிதில் விஞ்சின. ஓராண்டிற்கு முன்னர் பவர் மாண்ட அதே லா டுர்பி ஏற்றத்திலும் வெற்றி கிடைத்தது. பிற நிறுவனங்கள் விரைவில் இவ்வடிவைப் பின்பற்றின. முகப்பில் ரேடியேட்டர், அதன் பின்னே பொறி, அதன் பின்னே பயணிகள் என்னும் வரிசை தானுந்தின் பொது இலக்கணமாக நிலைபெற்றது. மெர்சிடிஸ் என்னும் பெயர் 1902 இல் வணிகக் குறியாகப் பதிவு செய்யப்பட்டது.

பயன்பாடும் பராமரிப்பும்

தேன்கூட்டு ரேடியேட்டரின் வலிமையும் நலிவும் ஒரே இடத்தில் உள்ளன. வெப்பத்தை நன்கு கடத்தும் அந்த ஒடுங்கிய இடுக்குகளே எளிதில் அடைபடுபவையும் ஆகும். கடின நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட்டு சூடேறும்போது சிதைந்து, கரையாத சுண்ணாம்புப் படிவாக மாறுகிறது. வார்ப்பிரும்பு உருளைகளிலிருந்து வரும் துருவும் அதனுடன் சேரும். உலோகத்தை நோக்க இப்படிவு வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். சில இடுக்குகள் அடைபட்டால் வெப்பம் அகலாமல், எஞ்சிய நீர் கொதித்து வெளியேறும். இணைப்புகளில் கசிவு தோன்றினால் உட்புறக் குழாய்களை எட்டுவதும் கடினம்.

எனவே நீரை வடித்து, உட்புறத்தை அலசி, புதுநீர் நிரப்புவது ஓட்டுநரின் வழக்கமான கடமையாக இருந்தது. பழைய தானுந்துகளைப் பேணுவோர் இதை இன்றும் செய்கின்றனர். பொறி நன்கு ஆறிய பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீரும் ஆவியும் பீறிட்டு உடலைச் சுட்டுவிடும். ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து நீரை முழுவதும் வெளியேற்றுவர். பொறியின் உருளைத் தொகுதிக்கெனத் தனி வடிகால் இருந்தால் அதையும் திறக்க வேண்டும். இல்லையேல் கலங்கல் நீர் அடியில் தங்கிவிடும். பின்னர், நீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராக, அதாவது கீழிருந்து மேலாக, தூய நீரைச் செலுத்துவர். ஓட்டத்தின் போக்கில் சென்று சிக்கிய துகள், அதே போக்கில் மேலும் நீரைச் செலுத்தினால் இன்னும் இறுகும். எதிர்த்திசை ஓட்டம் அதைப் பின்னுக்குத் தள்ளி விடுவிக்கும். நீரின் அழுத்தம் மிகாமல் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. பழைய ரேடியேட்டர்கள் ஈயப் பற்றால் இணைக்கப்பட்டவை. மிகுந்த அழுத்தமும் கடுமையான அமிலங்களும் அப்பற்றைப் பிளந்துவிடும். தெளிந்த நீர் வரும் வரை அலசியபின் காய்ச்சி வடித்த நீரையோ மென்னீரையோ மெதுவாக நிரப்புவர். பொறியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, உள்ளே அகப்பட்ட காற்று வெளியேறியதும் மட்டத்தைச் சரிபார்ப்பர்.

குளிர் நாடுகளில் இத்துடன் மற்றோர் இடரும் இருந்தது. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. ஓர் இரவு உறைபனி ரேடியேட்டரின் இணைப்புகளையும், சில வேளைகளில் வார்ப்பிரும்பு உருளையையும் வெடிக்கச் செய்யப் போதும். ஆதலால் பனிக்காலத்தில் வண்டியை நிறுத்தியதும் நீரை வடித்துவிடுவதும், காலையில் மீண்டும் நிரப்புவதும் வழக்கம். நீருடன் ஆல்ககால் அல்லது கிளிசரின் கலப்பதும் உண்டு. எத்திலீன் கிளைக்கால் 1920களின் பிற்பகுதியிலேயே பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. தேன்கூட்டு வடிவமும் காலப்போக்கில், செய்வதற்கு எளிதான, தட்டைக் குழாய்களும் மெல்லிய தகடுகளும் கொண்ட வடிவத்திற்கு இடம் கொடுத்தது.

நிறுவனத்திலிருந்து வெளியேற்றம்

மெர்சிடிஸின் வெற்றி மேபாக்கிற்கு நிறுவனத்திற்குள் வலுச் சேர்க்கவில்லை. டைம்லர் மறைந்தபின் இவருக்காகப் பேசுவார் குறைந்தனர். 1903 இல் மேற்பார்வைக் குழுத் தலைவர் மாக்ஸ் டுட்டன்ஹோஃபர் இறந்த பிறகு நிலைமை மேலும் மோசமடைந்தது. மேபாக் கண்டுபிடிப்புகளுக்கான தனி அலுவலகம் ஒன்றிற்கு ஒதுக்கப்பட்டார். தொழிற்சாலையின் வடிவமைப்புப் பொறுப்பு படிப்படியாக டைம்லரின் மகன் பால் டைம்லரிடம் சென்றது. அந்நிலையிலும் மேபாக் 1906 இல் மேல்தள வால்வுகளும் இரட்டைத் தீமூட்டலும் கொண்ட ஆறு உருளைப் பந்தயப் பொறி ஒன்றை உருவாக்கினார். அது அக்காலத்திற்கு மிகவும் முற்பட்ட வடிவம். அதற்கு உரிய ஆதரவு கிடைக்கவில்லை. 1907 இல், தம் 61 ஆம் வயதில், மேபாக் நிறுவனத்தை விட்டு நீங்கினார்.

இறுதிக்காலம்

1908 ஆகஸ்டு 5 அன்று செப்பலின் பிரபுவின் வான்கப்பலான எல்சட் 4, எக்டர்டிங்கன் என்னுமிடத்தில் புயற்காற்றில் சிக்கி எரிந்து அழிந்தது. மக்கள் அளித்த நன்கொடையால் வான்கப்பல் திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. மேபாக், தம் மகன் கார்ல் வரைந்த பொறியைச் செப்பலினுக்குப் பரிந்துரைத்தார். அதன் விளைவாக 1909 இல் வான்கலப் பொறித் தொழிற்சாலை ஒன்று பிஸ்ஸிங்கனில் தொடங்கப்பட்டது. கார்ல் அதை நடத்த, தந்தை அறிவுரையாளராக விளங்கினார். 1912 இல் அது பிரெடெரிக்ஸ்ஹாஃபன் நகருக்கு மாற்றப்பட்டு, 1918 இல் மேபாக் மோட்டார் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியில் வானூர்திப் பொறி ஆக்கத்தைத் தடைசெய்தது. நிறுவனம் தானுந்துகளின் பக்கம் திரும்பியது. 1921 இல் பெர்லின் கண்காட்சியில் முதல் மேபாக் தானுந்து காட்டப்பட்டது. அப்போது வில்ஹெல்ம் மேபாக்கிற்கு வயது 75. தாம் வடிவமைத்த வண்டிகள் எதிலும் இடம்பெறாத இவரது பெயர், மகன் வடிவமைத்த வண்டியின் முகப்பில் இடம்பெற்றது.

ஸ்டுட்கார்ட் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடம் 1916 இல் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1929 டிசம்பர் 29 அன்று ஸ்டுட்கார்ட்டில், 83 ஆம் வயதில் காலமானார். கான்ஸ்டாட்டின் உஃப் கல்லறைத் தோட்டத்தில், டைம்லரின் கல்லறை அமைந்துள்ள அதே இடத்தில், அடக்கம் செய்யப்பட்டார். மகன் கார்ல் மேபாக் 1960 இல் மறைந்தார்.